கூட்டம் கலைந்த பிறகு: அகதிகளுக்கு உதவ நினைக்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்குள் இன்னின்னார் வரக் கூடாது என்று ஒரு தடைச் செய்தி வந்தால் போதும், அன்று ராத்திரியே என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிடும். "அக்கா, பார்க்கவே கஷ்டமா இருக்கு, நாம என்ன பண்ணலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆன பிள்ளைகள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள், இல்லாவிட்டால் அவர்களின் துணையாக எச்-4 விசாவில் வந்து வீட்டில் இருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சனிக்கிழமைகளில் அகதிக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டுகிறவள், அவ்வளவுதான்.

முதலில், எந்தத் தடை, யாருக்குத் தடை

2017 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரம்ப் கையெழுத்துப் போட்ட உத்தரவு இப்படி இருந்தது: ஈரான், இராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டுக்காரர்கள் 90 நாளைக்கு உள்ளே வரக் கூடாது, அகதிகள் எந்த நாட்டவராக இருந்தாலும் 120 நாளைக்கு வரக் கூடாது, சிரிய அகதிகளுக்கு நாள் கணக்கே கிடையாது, கதவு மூடியது மூடியதுதான். அந்த வருடத்துக்கு 1,10,000 பேர் என்று இருந்த அகதிகள் உச்சவரம்பு 50,000 ஆனது. விமானம் ஏறும்போது செல்லுபடியாக இருந்த விசா இறங்கும்போது செல்லாமல் போனது. கிரீன் கார்டு வைத்திருந்தவர்களையே முதல் சில நாள் நிறுத்தி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நீண்ட கதை. அந்த உத்தரவை நீதிமன்றங்கள் நிறுத்தின, மார்ச்சில் இராக்கை எடுத்துவிட்டு இரண்டாவது உத்தரவு, செப்டம்பரில் மூன்றாவது. அந்த மூன்றாவதை 2018 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று செல்லும் என்றது. 2021 ஜனவரி 20, பைடன் பதவியேற்ற நாளிலேயே அதை ரத்து செய்தார். 2025 ஜனவரி 20, டிரம்ப் திரும்பி வந்த நாளிலேயே அகதிகளை அனுமதிக்கும் திட்டத்தையே நிறுத்தினார். அதே வருடம் ஜூனில் 12 நாடுகளுக்கு முழுத் தடையும் 7 நாடுகளுக்குப் பகுதித் தடையும் வந்தது, அப்புறம் பட்டியல் இன்னும் நீண்டது. 2024 நிதியாண்டில் 1,25,000 என்று இருந்த அகதிகள் உச்சவரம்பு 2026 நிதியாண்டுக்கு 7,500.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உதவி செய்ய வருபவர்கள் முதலில் குழப்பிக்கொள்வது இங்கேதான். அகதி என்று இங்கே சட்டம் சொல்வது வெளிநாட்டிலேயே விசாரணை முடிந்து, அரசே ஏற்றுக்கொண்டு விமானத்தில் அழைத்து வருகிறவரை. அவர் இறங்கிய நாளிலிருந்து வேலை பார்க்கலாம். புகலிடம் கோருபவர் என்பது வேறு. அவர் இங்கே வந்து சேர்ந்த பிறகு விண்ணப்பிக்கிறவர், பொதுவாக வந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும், வேலை அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை அவரைக் கவனிக்க எந்த அலுவலகமும் கிடையாது. பசி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் கதவுகள் வேறு வேறு. யாருக்கு உதவப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

இன்னொன்று. "இப்போதுதான் அகதிகளே வருவதில்லையே, யாருக்கு உதவுவது?" என்று ஒரு தம்பி கேட்டார். புதிதாக வருவதுதான் கிட்டத்தட்ட நின்றிருக்கிறது. 2024-இல் மட்டும் ஒரு லட்சம் பேர் வந்திருக்கிறார்கள், அவர்கள் எங்கும் போகவில்லை. அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த அலுவலகங்களில்தான் பாதி நாற்காலி காலியாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை

2017 ஜனவரி 28 அன்று நானும் நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தின் நாலாவது டெர்மினலுக்குப் போனேன். தைரியசாலி என்பதால் இல்லை, கூட வேலை பார்த்த ஈரானியப் பெண் "துணைக்கு வா" என்று கூப்பிட்டாள், மறுக்க முடியவில்லை. குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம், அட்டையில் கையால் எழுதிய பதாகைகள். உள்ளே வக்கீல்கள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து மனு தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க ராணுவத்துக்குப் பத்து வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த இராக்கியர் ஹமீத் காலித் தர்வீஷை முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அடைத்து வைத்துவிட்டு அன்று மதியம்தான் விட்டிருந்தார்கள். சாயங்காலம் 6 முதல் 7 வரை நியூயார்க் டாக்சித் தொழிலாளர் சங்கத்தார் ஜேஎஃப்கே-க்கு வண்டி எடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். அந்த ஓட்டுநர்களில் பாதிப் பேரின் முகம் நம் ஊர் முகம், அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இரவு, புரூக்ளினில் நீதிபதி ஆன் டானெலி, பிடித்து வைத்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்ட செய்தி ஒவ்வொரு போனாக வந்து சேர, கூட்டம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 2 அன்று, நியூயார்க்கில் ஏமன்காரர்களின் மளிகைக் கடைகள் ஆயிரத்துக்கும் மேல் மதியம் 12 மணிக்குக் கதவை இறக்கின. ராத்திரி பகல் என்று பார்க்காமல் திறந்திருக்கும் கடைகள் அவை. என் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையின் இரும்புக் கதவில், மன்னிக்கவும், என் குடும்பத்துக்காக மூடியிருக்கிறேன் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. காலை காப்பிக்கு அங்கேயே நிற்கும் ஆட்கள் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

ஊரே எதிர்த்தது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வாரமே ராய்ட்டர்ஸ்-இப்சாஸ் எடுத்த கருத்துக்கணிப்பில் தடையை ஆதரித்தவர்கள் 49 சதவீதம், எதிர்த்தவர்கள் 41. விமான நிலையத்தில் நின்றால் உலகமே நம் பக்கம் என்று தோன்றும். மறுநாள் அலுவலக லிஃப்டில் நின்றால் அப்படித் தோன்றாது.

சரி, நான் அன்றைக்குப் போய் வந்தேன், படம் எடுத்தேன், போட்டேன், நிறைய லைக் வந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம் ஒன்றுமே செய்யவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

போராட்டத்துக்குப் போவதானால், முதலில் உங்கள் காகிதம்

விசாவில் இருப்பவரும் அமைதியான கூட்டத்தில் நிற்கலாம், பேசலாம், பதாகை பிடிக்கலாம். ஆனால் கைதானால் ஒரு குடிமகனுக்கு அபராதத்தோடு முடிவது உங்களுக்கு விசா புதுப்பிக்கும்போதும் கிரீன் கார்டு நேர்காணலிலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். சாலை மறியல், உட்கார்ந்து கைதாவது இதெல்லாம் அமெரிக்க பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள். காவல்துறை கலையச் சொன்னால் கலைந்துவிடுங்கள், வீரம் காட்ட வேண்டாம். 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் கிரீன் கார்டோ ஐ-94 என்ற வருகைப் பதிவின் நகலோ பையில் இருக்கட்டும். ஒரு வக்கீலின் எண்ணைப் போனில் மட்டும் இல்லாமல் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள், போனை வாங்கிக்கொண்டால் எண் யாருக்கும் மனப்பாடமாக இருப்பதில்லை.

கூட்டத்தில் கிளிப்போர்டோடு ஒருவர் சிரித்த முகமாக வந்து "பதிவு செய்துவிட்டீர்களா?" என்பார். அது வாக்காளர் பதிவு. குடிமகனாக இல்லாவிட்டால் அதில் கை வைக்கவே வைக்காதீர்கள், தெரியாமல் போட்ட கையெழுத்தும் பிற்காலத்தில் குடியுரிமையைக் கெடுக்கும். அதே மாதிரி, எச்-1பி-யில் இருப்பவர் தேர்தலில் நிற்கும் வேட்பாளருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். தொண்டு நிறுவனத்துக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நாடாளுமன்ற உறுப்பினரைக் கூப்பிட ஓட்டு இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். 202-224-3121 என்பது நாடாளுமன்றத்தின் தலைமைத் தொலைபேசி இணைப்பகம், தொகுதியைச் சொன்னால் இணைத்துவிடுவார்கள். எடுப்பவர் பெரும்பாலும் இருபது வயதுப் பையனாகவோ பெண்ணாகவோ இருப்பார், வாதம் செய்யாதீர்கள். பெயர், ஊர், எந்த விஷயம், என்ன வேண்டும், அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். முதல் தடவை நான் கூப்பிட்டபோது பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பாவம், முழுக்கக் கேட்டாள்.

பணம் கொடுப்பது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இங்கே அது ரொம்பப் பொருத்தம். 2017-இல் தடை வந்த அந்த ஒரே வார இறுதியில் ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமைகள் சங்கத்துக்கு இணையத்தில் 2.4 கோடி டாலர் வந்து குவிந்தது. அவர்கள் ஒரு சாதாரண வருடம் முழுக்க இணையத்தில் திரட்டுவதைப் போலப் பல மடங்கு. நல்லதுதான், நீதிமன்றத்தில் நின்றது அவர்கள்தான். ஆனால் அதே குளிர்காலத்தில், பிப்ரவரி நடுவில், அகதிகளைக் குடியமர்த்தும் வேர்ல்டு ரிலீஃப் அமைப்பு 140-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பி ஐந்து அலுவலகங்களை மூடியது. இந்த அமைப்புகளுக்கு அரசுப் பணம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. தலை வரவில்லை என்றால் பணமும் வராது. தடை விமான நிலையத்தில் வெளிச்சத்தில் நடந்தது, இது வாடகைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் சத்தமில்லாமல் நடந்தது. அரபியோ பஷ்தூவோ தெரிந்த ஒரு ஊழியர் போய்விட்டால் அந்த இடத்தில் அப்படி ஒருவர் திரும்பக் கிடைக்க வருடக்கணக்கு ஆகும்.

அதனால் நான் சொல்வது: பெரிய பெயருக்கு ஒரு தரம் கொடுத்துவிட்டு, உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் சின்ன அலுவலகத்துக்கு மாதா மாதம் 20 டாலர் போடுங்கள். மொத்தமாக வரும் 500-ஐவிட, தவறாமல் வரும் 20-ஐ நம்பித்தான் அவர்கள் சம்பளத்துக்குக் கணக்குப் போட முடியும். 501(சி)(3), அதாவது வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பா என்பதை ஐஆர்எஸ் என்ற வரித்துறையின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினாலே தெரியும். நீங்கள் கொடுப்பதற்கு ஈடாக உங்கள் கம்பெனியும் பணம் போடுமா என்று எச்ஆரிடம் கேளுங்கள். நம்மவர்கள் பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை, வருடக் கடைசியில் அந்தப் பணம் யாருக்கும் போகாமல் கிடக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் கோஃபண்ட்மீ என்ற இணைய நிதி திரட்டும் இணைப்புகளுக்கு, அந்தக் குடும்பத்தை நேரில் அறிந்த ஒருவரைத் தெரிந்தாலொழிய கொடுக்காதீர்கள்.

ஒரு அமைப்பில் சேர்வது

அகதிகளைக் குடியமர்த்துவது ஒரு சில தேசிய அமைப்புகளின் கீழ் நடக்கிறது: ஐஆர்சி, எச்ஐஏஎஸ், சர்ச் வேர்ல்டு சர்வீஸ், குளோபல் ரெஃப்யூஜ் என்று. பல பெயர்கள் கிறித்தவ, யூதப் பெயர்களாக இருப்பதைப் பார்த்து மதம் மாற்றுவார்களோ என்று ஒரு அக்கா என்னிடம் தயங்கினார். அரசுப் பணத்தில் நடக்கும் வேலையில் அதற்கு இடமில்லை. நான் சேர்ந்த இடத்தில் தேவாலயத்தின் அடித்தளத்தில்தான் சாமான்கள் அடுக்கியிருப்போம், பக்கத்தில் முஸ்லிம் பெண்கள் தட்டு எண்ணுவார்கள், நான் மேலே ஏறி ஜெபம் செய்ததே இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

பதிவு செய்தால் குற்றப் பின்னணி சோதிப்பார்கள், கார் ஓட்டுவதானால் ஓட்டுநர் பதிவும் காப்பீடும் கேட்பார்கள். இதற்கே மூன்று வாரம் ஆகலாம். கோபத்தோடு பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் இந்த மூன்று வாரத்தில் காணாமல் போய்விடுவார்கள். பயிற்சி வகுப்பு சலிப்பாகத்தான் இருக்கும், உட்காருங்கள். எச்-1பி, எச்-4-இல் இருப்பவர்கள் சம்பளமில்லாத தொண்டு வேலை தாராளமாகச் செய்யலாம். ஒரே நிபந்தனை, அது மற்றவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையாக இருக்கக் கூடாது. சாப்பாடு கொண்டுபோவது, கார் ஓட்டுவது, ஆங்கிலம் பேசிப் பழக்குவது எல்லாம் சரி. அவர்களுக்கு வெப்சைட் கட்டிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் கொடுக்க முடியும் என்று கேட்டால் பெரிதாகச் சொல்லாதீர்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை என்று சொல்லி இரண்டும் வருகிறவர், வாரம் மூன்று நாள் என்று சொல்லி ஒன்றுக்கும் வராதவரைவிட அவர்களுக்குத் தங்கம்.

வீடு தயார் செய்வது, முதல் சாப்பாடு

குடும்பம் வந்து இறங்கும்போது வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் அமைப்பிடம் இருக்கும். தலைக்கு ஒரு கட்டில், தலைக்கு ஒரு தட்டு, ஒரு கரண்டி, பருவத்துக்கு ஏற்ற துணி, குப்பைக்கூடை வரைக்கும். பட்டியலில் இருப்பதைக் கொடுங்கள், உங்கள் வீட்டில் மிச்சம் இருப்பதைக் கொடுக்காதீர்கள். போகிக்கு எரிக்க வேண்டியதை மூட்டை கட்டிக்கொண்டு வந்து தர்மம் என்று இறக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிழிந்த சோபா, ஜிப் போன கோட்டு, ஒற்றைக் காது உடைந்த குக்கர். அதைப் பிரித்துக் குப்பையில் போடவே இரண்டு பேர் ஒரு நாள் உட்கார வேண்டியிருக்கும். மெத்தை புதிதாகத்தான் இருக்க வேண்டும், பழையதை வாங்க மாட்டார்கள், அதில் கோபிக்க ஒன்றுமில்லை.

முதல் ராத்திரி சூடான சாப்பாடு, அவர்கள் ஊர்ச் சாப்பாடாக, வீட்டில் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு இந்த வேலை முதன்முதலாக வந்தபோது ஆப்கானியக் குடும்பம், ஏழு பேர். நான் காரமில்லாமல் இருக்கட்டும் என்று வெண்பொங்கலும் தயிர் சாதமும் ஒரு பெரிய டப்பா நிறையக் கொண்டுபோய் வைத்தேன். பெரியவர் மார்பில் கை வைத்து நன்றி சொன்னார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஆப்பிளை எடுத்துக்கொண்டார்கள். தயிர் சாதத்தை யாரும் தொடவில்லை, அந்த அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வாய் சாப்பிட்டார். மறுநாள் அலுவலகத்தில் இருந்த ஆப்கானிய ஊழியர் சொன்னார்: நான் ரொட்டி இல்லாத சாப்பாடு அவர்களுக்குச் சாப்பாடே இல்லை. நம் வீட்டில் சோறு இல்லாமல் சப்பாத்தி மட்டும் போட்டால் தாத்தா "இன்னும் சாப்பிடலையே" என்பாரே, அதே கதைதான். அப்புறம் முழ நீளத்துக்கு இருக்கும் அந்த நான் ரொட்டியும் ஹலால் கோழியும் அரிசியும் பச்சைத் தேயிலையும் ஏலக்காயும் சர்க்கரையும் என்று என் பட்டியல் மாறிவிட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னால் ஊழியரிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது கடைக்குப் போகிறேன்.

அந்த அம்மா இரண்டாவது வாரம் கேட்ட ஒரே பொருள் பிரஷர் குக்கர். எனக்கு ஆச்சரியம், அவர்களும் கறி வேகவைக்க அதைத்தான் வைத்திருப்பார்களாம். என்னுடைய பழைய ஐந்து லிட்டர் குக்கரை நன்றாகத் தேய்த்து, புது கேஸ்கட் போட்டுக் கொடுத்தேன். நம்மூர் குக்கர் போடும் விசில் அவர்களுக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது, முதல் விசிலுக்குச் சின்னப் பையன் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். எங்கிருந்து வந்த பிள்ளை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புகை அலாரமும் அப்படித்தான். வெங்காயம் வதக்கினாலே அது கத்தும், முதல் நாளே அதை அழுத்திக் காட்டி, இது எதற்கு, எப்படி நிறுத்துவது என்று சொல்லிவிடுங்கள்.

மொழி? அவர்களுக்குக் கொஞ்சம் உருது, சினிமாவில் கேட்ட இந்தி தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. "இந்தி தெரியாது போடா" டீ-ஷர்ட்டைப் பெருமையாகப் போட்டுத் திரிந்தவள், கடைசியில் போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு சமாளித்தேன். ஆனால் மருத்துவமனையில் அப்படிச் சமாளிக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம், கேளுங்கள், தொலைபேசியிலாவது தருவார்கள். பத்து வயதுப் பெண்ணைத் தன் அம்மாவின் நோயை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

கார் ஓட்டுவது

உண்மையில் பெரிய உதவி இதுதான், யாரும் படம் எடுத்துப் போடாத உதவி. முதல் 90 நாளில் ஒரு குடும்பம் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், தடுப்பூசி, பள்ளிச் சேர்க்கை, வேலை நேர்காணல் என்று எத்தனை இடத்துக்குப் போக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள், நியூ ஜெர்சியில் பஸ்ஸை நம்பி. ஒரு தடவை சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்து முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், எல்லோருக்கும் பிறந்த நாள் ஜனவரி 1. பிறந்த தேதி எழுதி வைக்கும் வழக்கம் இல்லாத ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு முகாமிலோ தூதரகத்திலோ இப்படித்தான் போட்டுவிடுவார்கள். நம் தாத்தா பாட்டிகளுக்கும் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதானே. அவருக்கு அது புரிந்தது, சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

இந்த ஓட்டங்களில் கண்ணில் வைக்க வேண்டியவை சில. அகதிகளின் விமான டிக்கெட் இலவசம் இல்லை, வட்டியில்லாக் கடன். வந்து ஆறு மாதம் போலக் கழித்துத் தவணைக் கடிதம் வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அதை விளம்பரம் என்று நினைத்து மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார்கள். தபால்களைக் கூட உட்கார்ந்து பிரித்துப் படிப்பதே ஒரு தொண்டு. வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும் என்று நினைவுபடுத்துங்கள் (நீங்கள் கொடுத்தீர்களா? எச்-1பி-க்கும் அதே விதிதான்). ஒரு வருடம் ஆனதும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 2025 ஜூலையில் வந்த சட்டத்தால் கிரீன் கார்டு வரும் வரை அகதிகளுக்கு உணவு உதவி அட்டை இல்லை என்றாகிவிட்டது. அதனால் இப்போது பழைய துணியைவிட மளிகைக் கடைப் பரிசு அட்டைதான் வேண்டியிருக்கிறது.

செய்யவே கூடாதவை

விண்ணப்பப் படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். நமக்கு விசா படிவம் நிரப்பி நிரப்பி, அதில் டாக்டர் பட்டம் வாங்கியது போல ஒரு நினைப்பு இருக்கும். குடியேற்றச் சட்ட ஆலோசனை சொல்ல வக்கீலுக்கும், நீதித் துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டும்தான் உரிமை. நோட்டரி என்று பலகை வைத்துக்கொண்டு பணம் பிடுங்குகிறவர்களிடமும் போக விடாதீர்கள். ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஈழத்தவர் கதையே போதும். புலிகள் இயக்கம் பிடித்துப்போய், பணம் கட்டினால்தான் விடுவோம் என்று மிரட்டி வாங்கியதைக்கூட "பயங்கரவாதத்துக்குப் பொருளுதவி" என்று வகைப்படுத்தி, அமெரிக்காவில் புகலிடம் மறுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். படிவத்தில் ஒரு கட்டம், ஆம் அல்லது இல்லை, அதற்குள் ஒரு வாழ்க்கை. அதை வக்கீல் பார்க்கட்டும்.

எல்லையிலோ விமான நிலையத்திலோ யாராவது ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால், அது கிரீன் கார்டை ஒப்படைக்கும் படிவம். 2017-இல் சிலரிடம் புரியாமலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று வழக்குப் போனது. கையெழுத்துப் போடாமல் நீதிபதியிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்ல கிரீன் கார்டு உள்ளவருக்கு உரிமை உண்டு. இதை உங்களுக்குத் தெரிந்த கிரீன் கார்டுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், நம் அப்பா அம்மாவுக்கும்தான், ஆறு மாதம் ஊரில் இருந்துவிட்டு வருகிறவர்கள்.

என்ன நடந்தது, எப்படித் தப்பித்தீர்கள் என்று கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள், பெரும்பாலும் வண்டி சிக்னலில் நிற்கும்போது, நம் முகத்தைப் பார்க்காமல். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள், பிள்ளைகள் படம் கண்டிப்பாக வேண்டாம். ஊரில் இன்னும் அண்ணன் தம்பி இருப்பார்கள், உங்கள் ஒரு படம் அவர்கள் வாசலுக்கு ஆளைக் கொண்டுபோய் நிறுத்தலாம்.

மாமாக்களிடம் என்ன சொல்வது

குடும்பக் குழுவில் ஒருவராவது எழுதுவார்: "நாங்க வரிசையில நின்னு வந்தோம், இவங்க குறுக்கால வர்றாங்க." நான் சண்டை போடுவதில்லை, தகவல் மட்டும் போடுவேன். அகதியாக ஏற்கப்படவே பல துறைகள் மாறி மாறி விசாரித்து ஒன்றரை இரண்டு வருடம் ஆகும், முகாமில் கிடந்த காலம் தனி. எச்-1பி முத்திரைக்குச் சென்னையில் ஒரு காலை நின்றோம், அதற்கே எவ்வளவு புலம்பினோம்.

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பவருக்கு 1986 ஆகஸ்டைச் சொல்வேன். 155 ஈழத்தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், மூடுபனியில் மிதந்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கப் போன உள்ளூர்க்காரர்கள்தான் பார்த்து ஏற்றிக்கொண்டார்கள். ஏற்றிக்கொண்ட பிறகுதான் யார் என்ன என்று கேட்டார்கள். சில மாமாக்கள் இதற்குப் பதில் எழுதுவதில்லை. ஒரே ஒருவர் மட்டும், போன வருடம், தனியாகக் கூப்பிட்டு "ஏம்மா, அந்தச் சனிக்கிழமை வண்டி ஓட்டறதுன்னியே, எனக்கு ரிட்டையர்மென்ட்தான், நான் வரலாமா?" என்றார். வந்தார். இப்போது மெட்ரோபார்க் ரயில் நிலையத்துப் பக்கத்து ஓட்டமெல்லாம் அவருடையது, என்னைவிட நேரத்துக்கு வருகிறார்.

நீங்களும் வருவதானால் வண்டியில் முதலில் பின் இருக்கையைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் 8 வயதுக்குள், 57 அங்குல உயரத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு அதற்கான இருக்கை போட்டாக வேண்டும், அமைப்பில் கேட்டால் இரவல் தருவார்கள், ஆனால் அதை மாட்டுவதற்கு முதல் தடவை இருபது நிமிடமாவது ஆகும். அதனால் ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எட்டரைக்குக் கிளம்புங்கள்.